1,800 ரூபாய் காற்று மீட்டர்: சராசரியில் கெட்டி, சுழலில் கோட்டை விடுகிறது

கணவாய்க் காற்றுக்குப் பேர்போன ஊர் ஆரல்வாய்மொழி; அந்த ஊர்க்காரனுக்குக் காற்றை அளக்கக் கருவி எதற்கு என்றார் அப்பா. தோளில் கிடந்த துண்டைத் தூக்கிப் பிடித்து, "இது போதாதா?" என்று வேறு கேட்டார். மொட்டைமாடியில் சிறு காற்றாலை வைக்கும் ஆசையில் போன ஆனியில் இந்தக் கையடக்க மீட்டரை வாங்கியிருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை குறைவு, வெயிலிலும் எண் தெரிகிறது, மெல்லிய காற்றுக்கே விசிறி சுழல்கிறது.

பெட்டியின் மேல் 'காற்றின் கொந்தளிப்பையும் அளக்கும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தகராறு அங்கேதான். திரையில் எண் மாறுவது 2 விநாடிக்கு ஒரு தடவை. அதற்குள் வந்து போகும் சிறு சுழல்களை எல்லாம் அந்த எண் விழுங்கிவிடுகிறது. கீழிருந்து மேலே எழும் காற்று இந்த விசிறிக்குத் தெரிவதே இல்லை. ஆய்வாளர்களின் ஒலியலைக் காற்றுமானி விநாடிக்கு 10, 20 தடவை, மூன்று திசையிலும் அளக்கும். விலையும் அதற்கேற்ப லட்சங்களில்.

இருந்தாலும் விடவில்லை. நான் வாசிக்க, மகள் எழுத, 10 நிமிடத்தில் 300 எண்கள். மீட்டரில் பதிவு வசதி இல்லாததால் வந்த வினை! எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் கொந்தளிப்பின் அளவு கிடைக்கும். விடிவதற்கு முன் சராசரி விநாடிக்கு 6.1 மீட்டர், விலக்கம் 0.5, அதாவது 8 சதவீதம். அதே இடத்தில் பகல் ஒரு மணிக்குச் சராசரி 7, விலக்கம் 1.7, 24 சதவீதம். இரவில் தரை குளிர்ந்து, கனத்த காற்று அடியில் படுத்துக்கொள்வதால் சுழல்கள் எழ முடிவதில்லை. பகலில் சுட்ட தரை வெப்பக்காற்றைக் குமிழ் குமிழாக மேலே தள்ளுகிறது. தரையின் பாதிப்பு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் எட்டுகிறது.

தண்ணீர்த் தொட்டியின் பின்பக்கம் கதையே வேறு. விசிறி ஒரு கணம் நின்று, பின்னோக்கிச் சுழன்றது. திரையோ பின்னோக்கிய காற்றையும் முன்னோக்கியதாகவே காட்டியது. அங்கே காற்றாலை வைத்திருந்தால் தலையைத் திருப்பித் திருப்பியே பேரிங் தேய்ந்திருக்கும். ஆறு மீட்டர் குழாய் நட்டுத் தொட்டிக்கு மேலே ஏற்றப் போகிறேன்.

சராசரி வேகம் மட்டும் போதுமென்றால் தாராளமாக வாங்கலாம், மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. சுழல் எங்கே என்று பார்க்க, கம்பு நுனியில் துணிநாடா ஒன்றைக் கட்டி மாடி முழுக்க நடந்தேன். நாடா அப்பாவின் பழைய துண்டில் கிழித்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.