ஒரு நாள் மிச்சமிருந்தால் சான் மரினோவா, லிச்டென்ஸ்டைனா?

இரண்டுமே ஐரோப்பாவின் குட்டி நாடுகள்: சான் மரினோ இத்தாலிக்குள், லிச்டென்ஸ்டைன் சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே. இரண்டின் தலைநகருக்கும் ரயில் பிடித்து நேராகப் போய் இறங்க முடியாது. அதனால் எது அழகு என்பதைவிட, அன்று காலை எந்த ஊரில் கண் விழிக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி.

இத்தாலியின் பொலோன்யாவில் இருந்தால் சான் மரினோ. ரிமினிக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்து பஸ்ஸில் 50 நிமிடம். மிலானிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பினால் பாதி நாள் வண்டியிலேயே கழியும். சூரிக்கில் இருந்தால் லிச்டென்ஸ்டைன். சர்கான்ஸ் வரை ரயில், அங்கிருந்து 11ஆம் எண் பஸ்ஸில் தலைநகர் வாடூஸுக்கு அரை மணி. வரைபடத்தில் 'ஷான்-வாடூஸ்' என்றொரு ஸ்டேஷனைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பக்கத்து ஊரான ஷானில் இருக்கிறது. சில உள்ளூர் வண்டிகள் மட்டுமே நிற்கும். சூரிக் - வியன்னா விரைவு ரயில்கள் நிற்காமல் போய்விடும்.

போய்ச் சேர்ந்தபின் சான் மரினோவின் கை ஓங்கிவிடுகிறது. நாடு 61 சதுர கி.மீ.தான். ஆனால் டிட்டானோ மலை முகட்டில் மூன்று கோபுரங்கள். முதல் இரண்டான குவைட்டா, செஸ்டாவுக்குள் டிக்கெட் வாங்கிப் போகலாம். மூன்றாவதான மொன்டாலேவை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. குவைட்டாவிலிருந்து செஸ்டாவுக்குப் போகும் முகட்டுப் பாதையில் நின்றால், வானம் தெளிந்த நாளில் ஏட்ரியாடிக் கடல் வரை தெரியும். குளிர்காலத்தில் மூடுபனி இறங்கினால் எதிர்ச்சுவர்கூடத் தெரியாது. முந்தைய இரவே வானிலை பார்த்துவிடுங்கள். கல் பாதை செங்குத்தானது, மழையில் வழுக்கும். காரில் வருபவர்கள் போர்கோ மஜ்ஜோரேயில் நிறுத்திவிட்டு கேபிள் காரில் ஏறுவது நல்லது. பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கியதுமே திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வாடூஸில் அரண்மனை மலைமேல் கம்பீரமாக நிற்கும், உள்ளே விடமாட்டார்கள்; இளவரசர் குடும்பம் குடியிருக்கும் வீடு அது. கடைத்தெருவை ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். "ஒன்றுமே இல்லை" என்று திரும்புபவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டவர்கள். 1,600 மீட்டர் உயரத்திலுள்ள மல்பூனுக்கு பஸ் ஏறுங்கள். நாட்டின் உண்மையான அழகு அங்கேதான். செலவு சுவிஸ் பிராங்கில், சுவிஸ் விலையில். ஐரோப்பிய ஒன்றிய நாட்டு சிம் இங்கே கூடுதல் கட்டணமின்றி ரோமிங்கில் வேலை செய்யும், ஆனால் ரைன் ஆற்றுக்கு அக்கரை சுவிட்சர்லாந்து. போன் அந்த டவரைப் பிடித்தால் பில் எகிறும்.

விசா விஷயத்தில் இரண்டும் சமம். லிச்டென்ஸ்டைன் 2011 முதல் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்குள், இருக்கிறது. சான் மரினோ ஷெங்கனில் இல்லாவிட்டாலும் இத்தாலி எல்லையில் சோதனை கிடையாது.

ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவிலுள்ள இன்னொரு குட்டி நாடான அன்டோராவை இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. பார்சிலோனாவிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம், இரண்டு இரவாவது தங்க வேண்டும். அதோடு அது ஷெங்கனுக்கு வெளியே: ஒருமுறை நுழைவு விசாவில் உள்ளே போனால் ஸ்பெயினுக்கோ பிரான்ஸுக்கோ திரும்ப விசா இருக்காது. விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள்.