பழைய பள்ளிப் பேருந்து, மூன்று வருடம், ஒரு முன் கண்ணாடி

தொண்டியில் இருக்கும் மாப்பிள்ளை போன வாரம் போன் செய்தான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய பஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். "உன் வண்டி மாதிரியே பட்டறை வண்டி ஆக்கிக்கலாம், வாங்கட்டுமா?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் நான் நாலாவது தடவையாக முன் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டு, கையெல்லாம் சிலிகான் ஒட்டிக் கிடக்க உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதை நிதானமாக எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

என் வண்டியும் பழைய பள்ளிப் பேருந்துதான். லேலண்ட் சேஸ் (இன்ஜினையும் சக்கரத்தையும் தாங்கும் அடிச்சட்டம்), 2008 மாடல், ஆறு சிலிண்டர். எனக்கு மண்டபத்தில் படகு இன்ஜின் வேலை. கீழக்கரையிலோ வாலிநோக்கத்திலோ ஒரு வள்ளத்தின் இன்ஜின் நின்றுபோனால், அதைக் கழற்றி லோடு ஆட்டோவில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டுவரவே அவர்களுக்கு ஒரு நாள் போய்விடும். பட்டறையையே கரைக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன என்று தோன்றியதில்தான் பஸ் வாங்கினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் வேலைக்காகக் கரையில் நிற்கும். அந்த இரண்டு மாதம் தேவிபட்டினத்திலிருந்து மூக்கையூர் வரை இந்த வண்டிதான் என் கடை, என் வீடு.

இன்ஜினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து விசைப்படகுகள் பலவற்றில் ஓடுவதும் லேலண்ட் இன்ஜின்தான். பிஸ்டன் ரிங், பேரிங், ஹெட் கேஸ்கட் எது வேண்டுமானாலும் மண்டபம், பாம்பன் கடைகளிலேயே கிடைத்துவிடுகிறது. டீசல் பம்ப் பழைய மெக்கானிக்கல் பம்ப். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் வேலையும் கிடையாது. மூன்று வருடத்தில் ஒரு தடவை பம்பைக் கழற்றி, டீசல் பம்ப் சரிபார்க்கும் லேபில் கொடுத்து அளவு வைத்து வாங்கியதோடு சரி. கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், மெயின் பட்டை (ஸ்பிரிங் பட்டை) எல்லாமே லாரிக்கும் போடுகிற சாமான். மதுரைக்குப் போனால் அன்றைக்கே வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

பின்பக்க அவசரக் கதவுதான் நான் எதிர்பார்க்காத சந்தோஷம். குழந்தைகள் தப்பிக்க வைத்த கதவு அது. இப்போது அதன் வழியாகத்தான் இன்ஜின்கள் உள்ளே வருகின்றன. உள்ளே ஒரு இரும்பு பீம் போட்டு செயின் பிளாக் தொங்கவிட்டிருக்கிறேன். கூரையில் தொங்கவிட்டுவிடாதீர்கள், பஸ் கூரை அந்தப் பாரத்துக்குக் கட்டியதில்லை. நாலு கால் நட்டு, பாரம் சேஸில் இறங்கும்படி செய்தேன். சங்கிலியை இழுத்தால் மணல் மேல் கிடக்கும் இன்ஜின் அப்படியே எழும்பி வைஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது ஏர்வாடிக் கரையில் இருந்தவர்களும் என்னோடு சேர்ந்து கை தட்டினார்கள்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன்.

வாங்கி ஏழாவது மாதம், உச்சிப்புளி தாண்டியதும் முன்னால் போன டிப்பரிலிருந்து ஒரு ஜல்லி தெறித்தது. நகக்கண் அளவு விரிசல். மண்டபம் வருவதற்குள் பாதிக் கண்ணாடிக்கு ஓடிவிட்டது. சரி, லேலண்ட் கண்ணாடிதானே என்று ராமநாதபுரத்தில் போய்க் கேட்டேன். கடைக்காரர் "எந்தக் கம்பெனி?" என்று கேட்கவில்லை, "எந்தப் பாடி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

பெரிய பஸ்ஸில் கம்பெனி கொடுப்பது பெரும்பாலும் சேஸ் மட்டும்தான். மேலே இருக்கும் கூடு வேறொரு பட்டறையில் கட்டியது. முன் முகப்பு அந்தப் பட்டறையின் சொந்த ஃபைபர் அச்சு, கண்ணாடியின் வளைவும் அதற்கேற்றது. என் வண்டிக்குப் பாடி கட்டியது கரூர் பக்கத்துச் சின்னப் பட்டறை, அதை எப்போதோ மூடிவிட்டார்கள். மதுரை, கரூர், நாமக்கல் மூன்று ஊரும் அலைந்தேன். பேப்பர் ஒட்டி அச்சு எடுத்துக்கொண்டு போனேன். பேப்பரில் அகலமும் உயரமும் வரும், வளைவு வராது என்று நாமக்கல்லில் ஒரு பெரியவர்தான் சொல்லிக் கொடுத்தார். இரண்டு ஓரத்துக்கும் கயிறு கட்டி இழுத்துப் பிடித்து, நடுவில் கயிற்றுக்கும் கண்ணாடிக்கும் எத்தனை அங்குலம் என்று அளக்க வேண்டுமாம். அதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் இரண்டு பயணம் மிச்சமாகியிருக்கும்.

ஐந்து மாதம் விரிசலோடு கிடந்தது, நடுவில் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேறு வந்துவிட்டது. கடைசியில் வழி காட்டியவர், எனக்கு இந்த பஸ்ஸை விற்ற பள்ளியின் பழைய டிரைவர். அதே வருடம் அதே பாடியில் மூன்று பஸ் எடுத்தார்களாம். அதில் ஒன்று மானாமதுரை பக்கம் ஒரு காயலான் கடையில் நின்றது. உள்ளே கோழிகள் அடைந்து கிடந்தன, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ரப்பரைப் பிளேடால் அறுத்துவிட்டு, காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளேயிருந்து நானும் தம்பியும் மெல்ல உதைத்துத் தள்ள, வெளியே இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மெத்தைக்கு நடுவில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். மாட்டும்போது ரப்பரின் பள்ளத்தில் வலைக்கயிற்றைச் சுற்றி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளேயிருந்து கயிற்றை உருவ உருவ ரப்பரின் உதடு தகரத்தின் மேல் மடிந்து உட்காரும். முழுதும் உட்கார்ந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

முதல் மழையில் ஒழுகியது.

ரப்பரை மாற்றினேன், ஒழுகியது. வேறு ரப்பர் வாங்கி சிலிகான் அடித்தேன், ஒழுகியது. கோளாறு ரப்பரில் இல்லை, ரப்பர் கவ்வுகிற தகர விளிம்பில்தான். உப்புக் காற்று அதை உள்ளுக்குள்ளேயே அரித்து வைத்திருக்கிறது. ஃபைபர் படகு வேலை செய்யும் நண்பர் ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் வைத்து ஒட்டிக் கொடுத்தார். அழகாக இருந்தது. அடியில் துரு ஓடிக்கொண்டே இருந்ததால் எட்டு மாதத்தில் உரிந்து வந்துவிட்டது. நல்ல தண்ணீரில் கழுவு என்கிறார்கள். எங்கள் கிணறு உவர், நல்ல தண்ணீர் என்றால் காவிரித் தண்ணீர்தான். வீட்டில் குடிக்க வைத்திருக்கும் குடத்தில் ஒன்றை எடுத்து பஸ்ஸின் நெற்றியைக் கழுவினால் என் மனைவி என்ன சொல்வாள்? சொன்னாள். ஆனாலும் கரைக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு குடம் எடுத்துக் கழுவுகிறேன்.

போன வாரம்தான் விளிம்பு முழுவதையும் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தேன். இனி ஒழுகாது என்று நினைத்தேன். நேற்று வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தால், கிளட்ச் மிதிக்கும் காலின் மேல் ஒரு சொட்டு. முன்பு அந்தச் சொட்டு ஃபியூஸ் பெட்டியில் விழுந்து, செம்பெல்லாம் பச்சைக் களிம்பு ஏறி, ஒருநாள் ராத்திரி கீழக்கரைச் சாலையில் ஹெட்லைட் அணைந்துபோனது. பெட்டியை இப்போது தலைக்கு மேலே மாற்றிவிட்டேன்.

காகித வேலையும் உண்டு. பள்ளிப் பெர்மிட்டை ரத்து செய்து, 29, 30 படிவங்களில் பெயர் மாற்ற வேண்டும். மஞ்சள் நிறத்தையும் பள்ளி எழுத்தையும் அழிக்க வேண்டும். சீட்டைக் கழற்றும் முன்பே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும். நடமாடும் பட்டறை என்று தனி வகையே அரசுப் பட்டியலில் இருக்கிறது, அதையே கேளுங்கள். பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

தரையைத் தூக்கிப் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள். 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகளே அதன் பிறகுதான் வந்தன. மேலே புதுத் தகடு பளபளக்கும், அடியில் பலகை உளுத்திருக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் சத்தமே சொல்லிவிடும்.

மாப்பிள்ளை, இத்தனை நல்லது சொன்ன பிறகும் என் பதில் வாங்காதே என்பதுதான். கடற்கரைக்கு இந்தக் கூடு ஆகாது. மூடிய லோடு வண்டி ஒன்று வாங்கு. முன்பக்கமும் கம்பெனியே கட்டியது, கண்ணாடி எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அந்த பஸ்ஸைப் பார்க்கப் போனால் ஒரு டேப்பும் கொஞ்சம் கயிறும் கொண்டுபோ. முன் கண்ணாடியின் மேல் அகலம், கீழ் அகலம், நடு உயரம், கயிறு கட்டி வளைவு, நாலையும் அளந்து எனக்கு அனுப்பு. என் அளவோடு ஒத்துப்போனால் அந்த வண்டி காயலான் கடைக்குப் போகும் முன் நான் தொண்டிக்கு வந்துவிடுகிறேன்.