மேனிங்கா நியூட்டனா, டுபோனா எராஸ்மஸா: தோத்தவங்களுக்கு மீடியா போடுற மார்க்

பெரிய மேட்ச்ல தோத்த ஆள் எப்படி நடந்துக்கிட்டார்னு பேப்பர்காரங்களும் டிவிகாரங்களும் மார்க் போடுறாங்களே, அந்த மார்க் உண்மையில எதுக்குன்னு ரெண்டு பேர பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு பாத்தாதான் புரியும். தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல நமக்கு அமெரிக்கன் ஃபுட்பால் மேல பெரிய பித்து கிடையாது, அதோட ஃபைனலான சூப்பர் போல் இங்க திங்கக்கிழமை நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணிக்கு ஆரம்பிக்கும், ரக்பியும் கிரிக்கெட்டும் பாத்து வளந்தவன் அதுக்காக எதுக்கு முழிச்சிருக்கப் போறான். ஆனா இந்த விஷயத்துக்கு அத விட பொருத்தமான ஜோடி எனக்கு கிடைக்கல.

முதல் ஆள் பேட்டன் மேனிங். 2010 பிப்ரவரி சூப்பர் போல்ல அவரோட கோல்ட்ஸ் டீம், செயின்ட்ஸ்கிட்ட 31-17னு தோத்துச்சு. கடைசி நேரத்துல அவர் எறிஞ்ச பந்த ட்ரேசி போர்ட்டர் நடுவுல புடிச்சு 74 யார்டு ஓடி டச்டவுன் போட்டுட்டார், அதோட கதை முடிஞ்சுது. ஆட்டம் முடிஞ்சதும் மேனிங் ஜெயிச்ச டீம்ல யாருக்கும் கை குடுக்காம கிரவுண்ட விட்டு உள்ள போயிட்டார், அப்புறம் பிரஸ் முன்னாடி வந்து ஒழுங்கா பதில் சொன்னார்.

ரெண்டாவது ஆள் கேம் நியூட்டன். 2016 பிப்ரவரி சூப்பர் போல், அவரோட பேந்தர்ஸ் 10, பிராங்கோஸ் 24. இந்த தடவை எதிர்ல பிராங்கோஸ்க்கு ஆடுனது அதே மேனிங்தான். அந்த சீசன்ல லீக்லயே சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்குன நியூட்டன அன்னிக்கு ஆறு தடவை கீழ தள்ளுனாங்க, வான் மில்லர் ரெண்டு தடவை கையில இருந்து பந்த தட்டிவிட்டார். இவ்ளோ அடி வாங்கியும் ஆட்டம் முடிஞ்சதும் நியூட்டன் கிரவுண்ட்லயே மேனிங்கிட்ட போய் வாழ்த்து சொன்னார். அப்புறம் பிரஸ் ரூம்ல கருப்பு ஹூடிய தலையில இழுத்து விட்டுக்கிட்டு உக்காந்தார், ரெண்டு வார்த்தை மூணு வார்த்தைல பதில், பக்கத்துலயே பிராங்கோஸ் ஆட்டக்காரர் ஒருத்தர் "இவர பந்து எறிய வச்சே தோக்கடிக்கணும்னுதான் எங்க பிளான்"ங்கிற மாதிரி பேட்டி குடுத்துட்டு இருக்கிறது இவர் காதுல விழுது, கொஞ்ச நேரத்துல எழுந்து போயிட்டார்.

இப்போ பாருங்க. ஒருத்தர் எதிர்த்து ஆடுனவங்கள கண்டுக்கல, பேட்டி குடுத்தார். இன்னொருத்தர் ஜெயிச்சவர தேடிப் போய் வாழ்த்தினார், பேட்டிய பாதில விட்டார். ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்னு ஒண்ணு இருந்தா அது எதிராளிக்கு காட்ட வேண்டியது, அந்த கணக்குல மேனிங் செஞ்சதுதான் பெரிய தப்பு. அவர யாரும் திட்டலன்னு சொல்லல, ஆனா "தோல்வின்னா அவருக்கு அவ்ளோ வலி, பெரிய போட்டியாளர்"னு பரிஞ்சு பேச நிறைய பேர் இருந்தாங்க. நியூட்டனுக்கு கிடைச்சது குழந்தைப் புத்தி, திமிரு, அழுமூஞ்சி. சீசன் பூரா டச்டவுன் போட்டு டான்ஸ் ஆடினதுக்கே திட்டு வாங்கின ஆள் அவர், கருப்பின குவார்ட்டர்பேக் (டீமுக்கு பந்து எறியுற முக்கிய ஆள்)ங்கிறதாலதான் நெறைய பேருக்கு நான் ஒத்துவரலன்னு ஃபைனலுக்கு முன்னாடியே வெளிப்படையா சொன்னவர். சிரிச்சாலும் தப்பு, மூஞ்ச தூக்கி வச்சாலும் தப்பு. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்.

நியூட்டன் மேல எனக்கு குறையே இல்லன்னு இல்ல. கடைசி கட்டத்துல கீழ கிடந்த பந்து மேல அவர் பாயாம பின்வாங்கினார், அத கேக்கலாம், கேக்கவும் வேணும், அது ஆட்டம் சம்பந்தப்பட்டது. பேட்டி குடுக்கிறதும் வேலைல ஒரு பகுதிதான். ஆனா வேலைல ஒரு குறைய எடுத்து ஆளோட குணத்துக்கே முத்திரை குத்துறது அநியாயம். பேனா புடிச்சவன் தனக்கு பதில் வரலங்கிற கோவத்த விளையாட்டு தர்மம்னு பேர் வச்சு எழுதுறான், இதத்தான் என்னால பொறுக்க முடியல.

நம்ம ஊர் ஜோடிக்கு வருவோம். 2023 ரக்பி உலகக் கோப்பை குவார்ட்டர் ஃபைனல்ல ஸ்பிரிங்பாக்ஸ், அதாவது நம்ம தென்னாப்பிரிக்கா டீம், ஃப்ரான்ஸ 29-28னு ஜெயிச்சுது, ஃப்ரான்ஸோட கன்வர்ஷன் கிக் (ட்ரை போட்ட பிறகு ரெண்டு பாயிண்ட்டுக்கு அடிக்கிறது) ஒண்ண செஸ்லின் கோல்பி ஓடி வந்து தடுத்ததே கடைசில அந்த ஒரு பாயிண்ட்டுக்கு வழி விட்டுச்சு. தோத்த கேப்டன் அன்டுவான் டுபோன், ரெஃப்ரீயிங் இந்த மேட்ச்சோட தரத்துக்கு இல்லங்கிற அர்த்தத்துல பேசினார். டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்ல மச்சான் வீட்ல ப்ரை (கறி சுடுற விருந்து) போட்டு மேட்ச் பாத்த கூட்டத்துல சித்தப்பாவுக்கு அத கேட்டதும் கோவம் வந்துருச்சு. "அவன் சொன்னா கேப்டன், நம்ம ராசி சொன்னா மட்டும் காட்டானாடா?"ன்னார், ஸ்பிரிங்பாக்ஸ ஆட்டி வைக்கிற ராசி எராஸ்மஸத்தான் சொன்னார். அவர் தலைமுறைக்கு இந்த சூடு இருக்கும், 1981ல எரோல் டோபியஸ் வர்ற வரைக்கும் வெள்ளைக்காரர் இல்லாத ஒருத்தருக்கும் கிடைக்காத ஜெர்சி அது, அப்பல்லாம் இவங்க கை தட்டினதே வெளிநாட்டுல இருந்து ஆட வந்த டீமுக்குத்தான். இன்னிக்கு அது அவரோட டீம்.

ஆனா இங்க நான் சித்தப்பா பக்கம் இல்ல. ராசி எராஸ்மஸ் 2021ல பிரிட்டிஷ்-ஐரிஷ் லயன்ஸ்கிட்ட முதல் டெஸ்ட்ல 22-17னு தோத்த பிறகு 62 நிமிஷ வீடியோ போட்டு நிக் பெர்ரிங்கிற ரெஃப்ரீயோட முடிவுகள ஒண்ணொண்ணா பிரிச்சு மேய்ஞ்சார். ரெண்டு மாசம் முழு தடை, 2022 செப்டம்பர் வரைக்கும் மேட்ச் நாள் வேலை எதுவும் பாக்கக்கூடாதுன்னு தண்டனை. சூட்டோட சூடா மைக் முன்னாடி ரெண்டு வாக்கியம் பேசுறதும், உக்காந்து எடிட் பண்ணி ஒரு தனி மனுஷன ஊர் முன்னாடி நிறுத்துறதும் ஒண்ணு கிடையாது. அந்த தண்டனை சரிதான். 2011ல ஆஸ்திரேலியாகிட்ட 11-9னு தோத்துட்டு பிரைஸ் லாரன்ஸ்ங்கிற ரெஃப்ரீய நம்ம நாட்டுக்காரங்க படுத்துன பாட்டுல மனுஷன் அடுத்த வருஷமே விசில கழட்டி வச்சிட்டார், அதுக்கு நம்ம பத்திரிகைகளும் எண்ணெய் ஊத்துச்சு.

நான் நிஜமா கேக்க விரும்புறது 2024 பத்தி. பார்படோஸ்ல டி20 உலகக் கோப்பை ஃபைனல், இந்தியாகிட்ட நமக்கு 30 பந்துல 30 ரன் போதும், கையில ஆறு விக்கெட். கடைசி ஓவர் முதல் பந்துல டேவிட் மில்லர் அடிச்சத சூர்யகுமார் யாதவ் பவுண்டரி கோட்டுல புடிச்சார், ஏழு ரன்ல போச்சு. கயிறு தள்ளி கிடந்துச்சு, கால் பட்டுச்சுன்னு உலகம் பூரா ரசிகருங்க சண்ட போட்டாங்க, நம்ம பழைய கேப்டன் ஷான் பொல்லாக்கே அது நல்ல கேட்ச்தான்னு சொன்னார், டீமும் அத பெரிய பிரச்சனையாக்கல. இத விட கண்ணியமா எப்படி தோக்கிறது? அதுக்கு கிடைச்ச தலைப்பு என்ன, மறுபடியும் "சோக்கர்ஸ்", முக்கியமான நேரத்துல பயந்து கோட்ட விடுறவங்கன்னு. புகார் சொன்னா அழுகுணி, சொல்லலன்னா பயந்தாங்கொள்ளி. நம்ம டர்பன் பையன் கேசவ் மகராஜ் அன்னிக்கு ரெண்டு விக்கெட் எடுத்து, தோத்து, கை குடுத்துட்டு வந்தத பத்தி எழுத யாருக்கும் இடம் இல்ல.

செரீனா வில்லியம்ஸ் 2018 யுஎஸ் ஓப்பன் ஃபைனல்ல ராக்கெட்ட உடைச்சது, அம்பயர திட்டினது எல்லாம் தப்பு, 17,000 டாலர் அபராதமும் கட்டினார். ஆனா பரிசு மேடைல கூட்டம் கத்தும்போது "கத்தாதீங்க, அவ நல்லா ஆடினா"ன்னு, ஜெயிச்ச நவோமி ஒசாகாவுக்காக அடக்கினதும் அதே செரீனாதான். கேலிச்சித்திரம் வந்தது முதல் பாதிக்கு மட்டும்.

2027ல கிரிக்கெட் உலகக் கோப்பை நம்ம நாட்டுக்கே வருது, நம்ம டர்பன் கிங்ஸ்மீட் கிரவுண்ட்லயும் மேட்ச் இருக்கு. மேட்ச் முடிஞ்ச உடனே டிவிய அணைக்காம, பிரஸ் ரூம் காட்றதுக்கு முன்னாடி கிரவுண்ட்ல யார் யார்கிட்ட நடந்து போறாங்கன்னு பாருங்க, மறுநாள் பேப்பர்ல அது வருதான்னும் பாருங்க.