வீட்டுப் பூனை என்ன இனம்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் குடியிருப்புகளிலும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளிலும் வளரும் பூனைகளில் பெரும்பாலானவை காசு கொடுத்து வாங்கியவை அல்ல. ஏதோ ஒரு நாள் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்து, நெத்திலி பிசைந்த சோற்றுக்குப் பழகி, அப்படியே தங்கிவிட்டவை. ஆனாலும் கண் நீலமாகவோ முடி கொஞ்சம் நீளமாகவோ அமைந்துவிட்டால், ‘இது சாதிப் பூனையா?’ என்று வருவோர் போவோர் எல்லாம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். விடை தேட இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: வம்சச் சான்றிதழ், கைப்பேசிச் செயலியோடு தோற்றத்தைப் பார்ப்பது, மரபணுச் சோதனை, கால்நடை மருத்துவர்.

முதலில் சான்றிதழ். பூனை இனங்களில் பெரும்பாலானவை கடந்த 150 ஆண்டுகளுக்குள் வகுக்கப்பட்டவை. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வெயர் 1871இல் பூனைக் கண்காட்சி நடத்திய பிறகே, இன்ன இனத்துக்கு இன்ன இலக்கணம் என்று வகுத்து முன்னோர் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றும் வழக்கம் வலுப்பெற்றது. பூனை இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்காவின் சிஎஃப்ஏ சங்கம் 1906இல் தோன்றியது. கறாராகச் சொன்னால், பதிவேட்டில் தாய் தந்தை வழி எழுதப்பட்ட பூனைக்கே இனப் பெயர் பொருந்தும். அதை நிறுவுவதில் சான்றிதழுக்கு நிகராக வேறொன்று இல்லை. ஆனால் குட்டி விற்பவர் கையில் கொடுக்கும் தடுப்பூசி அட்டையைச் சான்றிதழாக எண்ணிவிடக் கூடாது. அந்த அட்டையில் இனம் என்ற கட்டத்தில் ‘பெர்சியன் மிக்ஸ்’ என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது பூனையைக் கொண்டுவந்தவர் வாயால் சொன்னதுதான்.

சான்றிதழ் இல்லாதவர்கள் அடுத்து நாடுவது தோற்றத்தை. இது செலவில்லாத வழி, சுவையான வழியும்கூட. ஆனால் மிக அதிகமாக ஏமாற்றுவதும் இதுவே. வெளிறிய உடலும் கறுத்த முகமும் காதும் நீலக் கண்ணும் உள்ள பூனையைக் கண்டால் செயலி உடனே ‘சயாமீஸ்’ என்று விடை தருகிறது. அந்த நிற அமைப்புக்குக் காரணம், நிறமி உண்டாக்கும் நொதி உடற்சூட்டில் செயலிழந்து, குளிர்ச்சியான பகுதிகளில் மட்டும் வேலை செய்யும்படி மாற்றும் ஒரு மரபணு. தாயின் வயிற்றுக்குள் எங்கும் ஒரே சூடு என்பதால் இத்தகைய குட்டிகள் வெள்ளையாகவே பிறக்கின்றன. பின்னரே காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை கறுக்கின்றன. இது ஒடுங்கு மரபணு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும் மரபணு என்பதால், சாதாரணமாகத் தோன்றும் இரண்டு கம்போங் (நாட்டுப்புற) பூனைகள் அதை மறைவாகச் சுமந்து, திடீரென்று ஒரு ‘சயாமீஸ்’ குட்டியை ஈன்றுவிட முடியும். நீள முடியும் ஒடுங்கு பண்புதான். பெர்சியன் இரத்தம் கலக்காமலும் அது வரும். மலாய்க்காரர்கள் ‘ஓயேன்’ என்று செல்லமாக அழைக்கும் ஆரஞ்சுப் பூனையும் தனி இனம் அன்று. அந்த நிறத்துக்கான மரபணு, கடுவனுக்கு ஒன்றும் பெட்டைக்கு இரண்டுமாக உள்ள எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆரஞ்சுப் பூனைகளில் கடுவன்களே அதிகம். கறுப்பும் ஆரஞ்சும் கலந்தவை ஏறக்குறைய எல்லாமே பெட்டைகள்.

தோற்றத்தில் நம்பத் தகுந்தது ஒன்று உண்டென்றால் அது வால் என்பேன். நம் பூனையின் வாலை அடியிலிருந்து நுனிவரை விரல்களால் மெல்ல வருடிப் பாருங்கள்; பலவற்றில் நுனிக்குச் சற்று முன்னே எலும்பு மடங்கி முடிச்சுப் போட்டதுபோல் கையில் தட்டும். எங்கோ கதவிடுக்கில் மாட்டி ஒடிந்தது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். மலாய்த் தீவுகள், சயாம், பர்மா ஆகிய பகுதிகளில் பூனைகளின் வால் பாதி நீளமே இருப்பதையும், நுனியில் பெரும்பாலும் முடிச்சு இருப்பதையும் சார்லஸ் டார்வின் 1868இலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஆக, முடிச்சு வால் இந்த மண்ணின் அடையாளம். அதை வைத்து ஜப்பானிய பாப்டெயில் என்ற குட்டை வால் இனம் என்று முடிவுகட்டும் செயலியை நம்ப வேண்டியதில்லை.

மரபணுச் சோதனை மேலும் ஆழமாகப் போகிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், அங்கே பதிவுசெய்யப்பட்ட இனங்களின் மாதிரிகளோடும், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உலகின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த நாட்டுப் பூனைகளின் மாதிரிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பால் குடிக்கும் குட்டியின் வாயில் தாயின் செல்களும் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், தாயிடமிருந்து பிரித்துவைத்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

முடிவு வந்த பிறகுதான் சிக்கல். ‘பர்மீஸுடன் ஒற்றுமை’ என்று அறிக்கை சொன்னால், பாட்டி ஒரு பர்மீஸ் என்று மகிழ்ந்துவிடுகிறோம். உறவு தலைகீழானது. இன்றைய பர்மீஸ் இனத்துக்கு மூலம், 1930இல் பர்மாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச்சேர்ந்த வோங் மாவ் என்ற பெட்டைப் பூனை. சயாமீஸும் சயாம் நாட்டுப் பூனைகளிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டதே. நம் வட்டாரப் பூனைகள் அந்த இனங்களின் கலப்பில் பிறந்தவை என்பதைவிட, அந்த இனங்கள் நம் பூனைகளின் அண்டை உறவுகளிலிருந்து பிரிந்தவை என்பதே பொருத்தம். வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பி, ரிங்கிட்டை மாற்றிச் செலவழித்து இந்த விடையைப் பெறுவது ஆர்வத்துக்குத் தீனியே தவிர, வளர்ப்புக்குப் பெரிதாக உதவாது.

கால்நடை மருத்துவர் இனப் பெயரைச் சொல்லத் தயங்குவார். சான்றிதழ் இல்லாத பூனைக்கு ‘டிஎஸ்எச்’, அதாவது குட்டை முடி வீட்டுப் பூனை என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். சிலருக்கு அது ஏமாற்றம். எனக்கோ அதுதான் நான்கிலும் நேர்மையான பதிலாகப் படுகிறது. மேலும் அவர் பார்ப்பது பெயரை அன்று, உடலை. தட்டை முகமுள்ள பூனைக்கு நம் வெயிலில் மூச்சு வாங்குகிறதா, கண்ணீர் ஓயாமல் வழிகிறதா என்று கவனிப்பார். காது முன்னோக்கி மடிந்திருந்தால் மூட்டுகளை அழுத்திப் பார்ப்பார். 1961இல் ஸ்காட்லாந்தில் கண்டெடுக்கப்பட்ட சூசி என்ற பூனையின் வழிவந்த ஸ்காட்டிஷ் ஃபோல்டுகளில், காதை மடிக்கும் அதே மரபணு எலும்பையும் குருத்தெலும்பையும் கெடுக்கிறது.

ஆகவே சாதாரண கம்போங் பூனை வைத்திருப்பவர் இனச் சோதனைக்கான பணத்தைத் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் செலவிடலாம். தட்டை முகமும் அடர்ந்த நீள முடியும் உள்ள பூனையானால் கதை வேறு. பெர்சியன் வழியில் பரவலாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் ஓங்கு பண்பு, அதாவது ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது என்பதால், தாய் தந்தையில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. அந்த ஒரே மரபணுவுக்கான சோதனையை மட்டும் கேட்டுச் செய்யலாம். அது குட்டிப் பருவத்திலேயே விடை சொல்லிவிடும். பத்து மாதம் கடந்த பூனையானால் மருத்துவரிடம் வயிற்று ஸ்கேன் எடுப்பது மேல். கட்டிகள் இருக்கின்றனவா என்பதோடு, எவ்வளவு பெரிதாகிவிட்டன என்பதும் அதில் தெரியும்.