ஜென் காரில் எஸ்டீம் இன்ஜின்: ஆட்டோகிராஸில் நான்கு ஆண்டுகள்

புதுச்சேரியில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1998ஆம் ஆண்டு மாருதி ஜென் காருக்கு 2021இல் அதே நிறுவனத்தின் எஸ்டீம் காரின் 1300 சி.சி. இன்ஜினைப் பொருத்தினேன். மண் தரையில் கூம்புகளை வைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வண்டி கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் ஆட்டோகிராஸுக்காக மட்டுமே இந்த மாற்றத்தைச் செய்தேன். மாற்றிய புதிதில் எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டுரையாக முடிந்திருக்கும். நான்கு ஆண்டு ஓட்டி, ஒரு முறை இன்ஜினைத் திறந்து மூடி, ஒரு புயலையும் பார்த்துவிட்ட பிறகு என் கருத்து சற்று மாறியிருக்கிறது.

முதலில் பழைய இன்ஜினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜென்னுடன் வந்த ஜி10பி, 993 சி.சி. கொள்ளளவும் கார்புரேட்டரும் கொண்ட, முழுக்க அலுமினியத்தாலான நான்கு சிலிண்டர் இன்ஜின், 50 பி.எச்.பி. தரும். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 72 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், வெறும் 61 மி.மீ. என்பதால் சுழலச் சுழல மகிழ்ச்சியாக ஓடுமே தவிர, நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் கீழே உயிர் இருக்காது. ஆட்டோகிராஸில் நேரம் கரைவது அந்த இடத்தில்தான். கொண்டை ஊசி போன்ற வளைவில் இரண்டாம் கியரில் நுழைந்து வெளியே வரும்போது வண்டி மூச்சுப் பிடித்து நிற்கும். முதல் கியருக்கு இறக்கினாலோ சக்கரம் சுற்றி, உடனே மறுபடியும் கியர் மாற்ற வேண்டியிருக்கும். குதிரைத்திறனை விட, 2500 சுற்றிலிருந்து 5000 சுற்று வரை ஒரே கியரில் இழுத்துச் செல்லும் திருகுவிசைதான் (டார்க்) எனக்குத் தேவைப்பட்டது. இந்தத் தெளிவு வருவதற்கே இரண்டு போட்டிப் பருவங்கள் ஆயின.

தேர்வுக்கு வந்தவை நான்கு. வேகன் ஆரில் வந்த 1061 சி.சி. எஃப்10டி இன்ஜினுக்கு ஒரு பெரிய கவர்ச்சி உண்டு. நம் மண் ஓட்டப் போட்டிகளில் வகுப்புகள் பெரும்பாலும் 1100, 1400, 1650 சி.சி. என்ற எல்லைகளில் பிரிக்கப்படுவதால், இதைப் போட்டாலும் வண்டி சிறிய வகுப்பிலேயே நிற்கும். ஆனால் அது வேறு இன்ஜின் குடும்பம். கியர்பாக்ஸ், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் என்று ஒவ்வொன்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். ஆல்டோ கே10 வண்டியின் 998 சி.சி. கே10பி இன்ஜினுக்கும் அதே வகுப்புச் சலுகை உண்டு, 68 பி.எச்.பி., 90 நியூட்டன் மீட்டர் திருகுவிசை, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், மூன்றே சிலிண்டர். மனத்தளவில் நான் பாதி முடிவு செய்திருந்த இன்ஜின் இதுதான். பின்வாங்கியதற்குக் காரணம் மின்னணுப் பகுதி. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சாவியும் திருட்டுத் தடுப்பு அமைப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் இன்ஜின் உயிர்பெறும். பழைய வண்டிச் சந்தையில் இம்மூன்றும் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய முழுத் தொகுதியாகக் கிடைப்பது அபூர்வம். பழைய பெலினோவின் 1590 சி.சி. ஜி16பி இன்ஜினையும் ஒரு நண்பர் பரிந்துரைத்தார். அதன் ஸ்ட்ரோக் 90 மி.மீ.; இன்ஜினின் உடலான பிளாக்கின் உயரமும் அதற்கேற்றபடி கூடுதல். பானட்டை வெட்டி, 1650 வகுப்பில் என்னைவிடப் பெரிய வண்டிகளோடு மோதும் தைரியம் எனக்கு இல்லை. ஸ்விஃப்டின் டீசல் இன்ஜினைப் போடச் சொன்னவரும் உண்டு. அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

எஞ்சியது ஜி13பிபி. எஸ்டீமிலும், 2005இல் வந்த முதல் ஸ்விஃப்டிலும் இருந்தது இதுவே. 1298 சி.சி., 16 வால்வு, எஸ்டீமில் 85 பி.எச்.பி. போர் 74, ஸ்ட்ரோக் 75.5. ஜென்னின் ஸ்ட்ரோக்கோடு ஒப்பிட்டால் நான் தேடிய கீழ்ச்சுற்று இழுவை எங்கிருந்து வருகிறது என்பது இந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். ஜிப்ஸியிலும் இதே குடும்ப இன்ஜின்தான், ஆனால் அதில் நெடுக்குவாட்டில் வைக்கப்பட்டிருப்பதால், முன்சக்கர ஓட்டம் கொண்ட ஜென்னுக்கு எஸ்டீமிலிருந்தோ ஸ்விஃப்டிலிருந்தோ கழற்றியதே ஏற்றது. ஜி10, ஜி13 இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் ஜென்னின் சொந்தக் கியர்பாக்ஸையும் ஆக்சில்களையும் அப்படியே வைத்துக்கொள்ள முடிந்தது. பிளாக் இதிலும் அலுமினியம். ஆகவே வண்டியின் மூக்கு கனக்கவில்லை. ஏ.சி. கம்ப்ரசரையும் கண்டன்சரையும் கழற்றிக் காயலான் கடைத் தராசில் வைத்தபோது 19 கிலோ காட்டியது. மாற்றத்துக்கு முன்பிருந்ததைவிடப் பின்புதான் முன்பகுதி இலேசாயிற்று.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம் உரிமையாளருக்குச் சிறைத் தண்டனையும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டின் கதி என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. எனவே இந்த இன்ஜின் ஏறிய நாளிலிருந்து என் ஜென் பொதுச் சாலையில் ஒரு மீட்டர்கூட ஓடியதில்லை. எங்கே போனாலும் ரெக்கவரி வண்டியின் முதுகில்தான். இன்ஜின் மாற்ற நினைப்பவர்கள் இந்த வாடகையை முதலிலேயே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டில் இன்ஜினுக்குக் கொடுத்ததைவிட வாடகைக்குக் கொடுத்தது அதிகம்.

இன்ஜினைச் சென்னையில் ஒரு பழைய உதிரிபாக வியாபாரியிடம் வயரிங், கட்டுப்பாட்டுப் பெட்டியோடு 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். இறக்கிப் பார்த்தபோது வயரிங் தொகுதியின் ஒரு முனை கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. பெட்டியோ வேறொரு வண்டியுடையது. திருப்பிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. வேறு இடத்தில் சரியான ஜோடியைத் தேடிப் பிடிக்க ஏழு வாரங்களும் 9,000 ரூபாயும் ஆயின. வில்லியனூரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், “இன்ஜின ரெண்டு நாள்ல ஏத்திடலாம் தம்பி, இந்த ஒயரத்தான் ஒருத்தனும் நேர்மையா விக்கறதில்ல” என்றார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இன்ஜினை இறக்கியது ஒரு சனி, ஞாயிறில் முடிந்தது. வயரிங்கை வண்டியின் மீட்டரோடு இணைத்து முடிக்க ஒரு மாதம் பிடித்தது.

பெட்ரோல் வழியும் எதிர்பாராத வேலையாக அமைந்தது. கார்புரேட்டர் வண்டியின் பம்ப் தரும் மெல்லிய அழுத்தம், பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜெக்டருக்குப் போதாது. எனவே டேங்குக்குள் மின்பம்ப் உள்ள பிற்கால ஜென்னின் டேங்கை வாங்கி, மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்கே கொண்டுசெல்லும் திரும்பு குழாயையும் சேர்த்துப் போட்டோம். இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் சீல்கள், கிளட்ச் தட்டு ஆகிய நான்கையும் புதிதாக மாற்றினோம். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

நான் செய்த பெரிய தவறு காற்று வடிகட்டியில். பழைய பெட்டி இடத்தை அடைக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு, சத்தம் நன்றாக இருக்கும் திறந்த கூம்பு வடிகட்டி ஒன்றைப் பொருத்தினேன். கடலூரில் கேப்பர் மலைப் பக்கம் நண்பரின் முந்திரித் தோப்பை ஒட்டிய தரிசு நிலத்தில்தான் நாங்கள் பயிற்சி செய்வோம். அந்தச் செம்மண் தூசியை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு நுண்ணியது என்று சொல்ல வேண்டியதில்லை. துணியை உதறினால் மாவு போலப் பறக்கும். முன்னால் சென்ற வண்டி கிளப்பிய புழுதி அடங்கும் முன்பே அடுத்த வண்டி புறப்படும் இடத்தில் திறந்த வடிகட்டி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? முதல் பருவ முடிவில் புகைபோக்கியில் நீலப் புகை வந்தது. இன்ஜினைத் திறந்தபோது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, சிலிண்டர் சுவரில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரிந்தன. சிலிண்டரைச் சற்று அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய (ஓவர் சைஸ்) பிஸ்டனும் வளையங்களும் போட 21,000 ரூபாய் ஆனது. அதன்பின் எஸ்டீமின் மூல வடிகட்டிப் பெட்டியையே, காற்றுக் குழாயை மட்டும் பானட் விளிம்புக்கு உயர்த்தி, பொருத்தியிருக்கிறேன். மூன்று ஆண்டாக நீலப் புகை இல்லை. ஒவ்வொரு பயிற்சி நாளுக்குப் பிறகும் வடிகட்டியைத் தட்டுகிறேன். மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

இனி, எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி: எவ்வளவு வேகமாயிற்று? அந்தத் தரிசில் ஏறக்குறைய 750 மீட்டர் நீளத்துக்கு ஒரே பாதையைக் கூம்பு வைத்து, பழைய இன்ஜினோடு என் சிறந்த நேரம் 63.4 வினாடி. புதிய இன்ஜினோடு 61.9. ஒன்றரை வினாடிதான். கைக்கு அது இரண்டு மடங்கு வண்டி போலத் தெரிந்தது. கடிகாரம் அப்படிச் சொல்லவில்லை. காரணம் எளிது. இரு முன்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஜென்னில் சாதாரண வகை. வளைவில் உள்பக்க முன்சக்கரம் இலேசாகிற கணத்தில் கூடுதல் திருகுவிசை முழுவதும் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிடுவதில் வீணாகிறது. பழைய இன்ஜினுக்குச் சக்கரத்தைச் சுற்றவிடும் வலுவே இல்லாததால் இந்தக் குறை அப்போது தெரியவில்லை. ஆக்சிலரேட்டர் மிதியைப் பாதி மட்டும் அழுத்தி வெளியே வரக் கற்றுக்கொண்ட பிறகே அந்த ஒன்றரை வினாடியும் கிடைத்தது.

அடுத்த பருவத்தில் சக்கரத்தைக் கவனித்தேன். இன்ஜினோடு சேர்த்து வாங்கிய எஸ்டீம் சக்கரங்களில் 175/70 ஆர்13 டயர் இருந்தது. அதன் விட்டம் 575 மி.மீ. 175/60 ஆர்13 போட்டால் விட்டம் 540. ஆறு விழுக்காடு சிறிய சக்கரம் என்றால், கியர்பாக்ஸைத் தொடாமலே ஒவ்வொரு கியரும் ஆறு விழுக்காடு குட்டையாகிறது, அதாவது இழுவை கூடி வேக எல்லை குறைகிறது என்று பொருள். இரண்டாம் கியர் அப்போதும் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வரை செல்கிறது. எங்கள் பாதையில் அதற்கு மேல் தேவைப்பட்ட இடமே இல்லை. புதிய டயரும் முன்சக்கரங்களின் டாம்பர்களும் (ஷாக் அப்சார்பர்) சேர்ந்து நேரத்தை 59.8 ஆக்கின. அதாவது, இன்ஜின் தந்ததைவிட டயரும் டாம்பரும் தந்தது அதிகம். செலவோ நான்கில் ஒரு பங்கு. வண்டி 17 மி.மீ. தாழ்ந்ததால் இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப் ஒருமுறை கல்லில் இடித்தது. மூன்று மி.மீ. தகட்டில் காப்புத் தட்டு வெட்டிப் போட்டோம்.

தேய்மானத்தில் குறிப்பிட வேண்டியவை சில உண்டு. வலப்பக்க இன்ஜின் மவுண்டின் ரப்பர் ஆண்டுக்கு ஒன்று கிழிகிறது. ஆக்சில் மூட்டுகளை மூடும் ரப்பர் உறைகளை மண் தின்கிறது. கியர் வழுக்கி விழ உதவும் சிங்க்ரோ, இரண்டாம் கியரில் மூன்றாம் ஆண்டில் கரகரக்கத் தொடங்கியது. கியர்பாக்ஸ் 50 பி.எச்.பி.க்காகச் செய்யப்பட்டது என்பதை அது நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. சூட்டில் மட்டும் நான் அஞ்சியது நடக்கவில்லை. எஸ்டீமின் ரேடியேட்டரும், காத்திருக்கும் நேரத்தில் மின்விசிறியைக் கையால் போடுவதற்கான சுவிட்ச்சும் கத்திரி வெயிலிலும் போதுமானவையாக இருந்தன.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவில் கொட்டகைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டியை நான் பயணி கால் வைக்கும் இடத்தில், கார்ப்பெட்டுக்கு அடியில் திருகியிருந்தேன். கார்புரேட்டர் வண்டியாக இருந்திருந்தால் ஒரு நாள் வெயிலில் உலர்த்தி, ஆயிலை மாற்றி, ஸ்டார்ட் செய்திருக்கலாம். எனக்கோ மறுபடியும் அதே தேடல், இந்த முறை ஐந்து மாதம். புதிய பெட்டி இப்போது டேஷ்போர்டின் மேல்பகுதியில், கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. கடலோர ஊரில் இதைச் செய்பவர்கள் முதல் நாளே அங்கே வைக்கட்டும்.

போட்டி முடிவைச் சொல்ல எனக்குச் சற்றுத் தயக்கம். 993 சி.சி. வண்டியோடு சிறிய வகுப்பில் நான் ஐந்தாம், ஆறாம் இடங்களில் வந்துகொண்டிருந்தேன். 1400 வகுப்பில் மூன்றரை வினாடி வேகமாக ஓடியும் பதினோராம் இடம்தான். அங்கே நன்கு தயார் செய்யப்பட்ட ஸ்விஃப்ட் வண்டிகள் நிற்கின்றன. ஓட்டும் இன்பத்தைக் கேட்டால் ஜி13பிபிக்கு ஈடில்லை. வளைவின் நடுவில் கால் வைத்ததும் வரும் அந்த இழுவைக்காகவே காலை நான்கு மணிக்கு எழுந்து கடலூர் போகிறேன். ஆனால் இதே டயர், டாம்பர், காப்புத் தட்டோடு பழைய இன்ஜினைச் சரியாகப் புதுப்பித்துச் சிறிய வகுப்பில் ஓடியிருந்தால் மேடையில் நின்றிருப்பேனோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

பழைய ஜி10பி இன்னும் பட்டறையில் மரப் பலகை மேல், சாக்கு மூடி, இருக்கிறது. சென்ற மாதம் அண்ணன் அதன் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பியிருக்கிறார். பேரிங்குகளும் வளையங்களும் வந்துவிட்டன.