தண்டர்பேர்டு திறக்காத நாட்கள்: 2009 முதல் பயன்படுத்துபவன் எழுதுவது

வரிக்கணக்கு பார்ப்பது என் தொழில். வாடிக்கையாளர்கள் அனுப்பும் பில், வங்கி ஸ்டேட்மென்ட், நோட்டீஸ் எல்லாம் மெயிலில்தான் வரும். 2009-இல் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளை நிறுவியபோது அன்றைய வழக்கப்படி பாப் முறையில் கணக்கை அமைத்தேன். மெயில் சர்வரிலிருந்து இறங்கி என் கணினியிலேயே தங்கிவிடும், அங்கே நகல் இருக்காது. இப்போது மூன்றாவது கணினி, மொத்தம் 14 ஜிபி. அதனால் இந்த மென்பொருள் ஒருநாள் திறக்காவிட்டால் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும்.

இத்தனை வருடத்தில் நான்கு முறை கரைத்திருக்கிறது. அதில் மிக மோசமானது 2020 கடைசியில் நடந்தது. முக்கால்வாசிக் குற்றம் என்னுடையதுதான்.

அன்று காலை ஐகானைக் கிளிக் செய்தால் வெள்ளையாக ஒரு ஜன்னல் வந்தது, உள்ளே ஒன்றுமில்லை. மூடித் திறந்தேன், கணினியையே அணைத்துப் போட்டேன், அதே வெள்ளை. பத்து நிமிடம் பொறுத்து யோசித்திருக்கலாம். நான் அன்இன்ஸ்டால் செய்தேன். எந்த மென்பொருள் மக்கர் பண்ணினாலும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவதுதானே நம் கைவைத்தியம்! போதாக்குறைக்கு, இணையத்தில் புதிதாக இறக்கச் சோம்பல்பட்டு, பென் டிரைவில் கிடந்த பழைய 68-ஆம் பதிப்பைப் போட்டேன். அதுவரை ஓடிக்கொண்டிருந்தது 78.

இப்போது ஜன்னலுக்குப் பதில் ஒரு எச்சரிக்கை வந்தது. புதிய பதிப்பு பயன்படுத்திய ப்ரொஃபைலைப் பழைய பதிப்பால் திறப்பது ஆபத்து, புதிய ப்ரொஃபைல் உருவாக்கிக்கொள் அல்லது வெளியேறு என்றது. ஒழுங்காகப் படிக்காமல் முதல் பொத்தானை அழுத்தினேன். அழகாகத் திறந்தது, ஒரு மெயில்கூட இல்லாமல். புதுக் கணக்கு அமைக்கச் சொல்லிக் கேட்டது. பதினோரு வருட மெயில் போய்விட்டது என்று நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கணினி பழுது பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டால், "ஃபார்மட் பண்ணிடலாம் சார், புதுசா ஆயிடும்" என்றார். நல்லவேளை, அன்று அவருக்கு வர நேரமில்லை.

தண்டர்பேர்டில் மென்பொருள் வேறு, மெயில் வேறு. மென்பொருள் ப்ரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும். மெயில், கணக்கு விவரம், முகவரிப் புத்தகம், ஆட்-ஆன் (கூடுதல் வசதிக்கு நாமே சேர்க்கும் சின்ன மென்பொருள்) எல்லாம் ப்ரொஃபைல் என்ற தனி போல்டரில், விண்டோஸ் மறைத்து வைக்கும் ஆப்டேட்டாவுக்குள், ரோமிங் என்பதன் கீழே இருக்கும். அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்த போல்டர் அப்படியே கிடக்கும். இதில் நல்லது, மெயில் அழியாது. கெட்டது, கோளாறு அந்த போல்டரிலோ அதன் அமைப்பிலோ இருந்தால் மென்பொருளை எத்தனை முறை திரும்பப் போட்டாலும் பயனில்லை. அன்று மாலைவரை நான் வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன், கோளாறு பீரோவில் இருந்தது.

அந்த போல்டரைத் தேடிப் பிடித்தபோது உள்ளே இரண்டு ப்ரொஃபைல்கள். ஒன்று சில எம்பி, இன்னொன்று பல ஜிபி. உயிர் வந்தது. 78-ஐ மறுபடி இறக்கிப் போட்டேன். ரன் பெட்டியில் தண்டர்பேர்டு டாட் எக்ஸி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஆங்கில 'பி' எழுத்தும் சேர்த்தால் ப்ரொஃபைல் மேனேஜர் வரும். பழையதைத் தேர்ந்தெடுத்தேன். மறுபடி அதே வெள்ளை ஜன்னல்! ஆனால் இம்முறை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஐகானைக் கிளிக் செய்தேன். அன்று அதன் பெயர் சேஃப் மோட், பிறகு ட்ரபுள்ஷூட் மோட் என்று மாற்றினார்கள். ஆட்-ஆன்களையும், திரையில் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் திறக்கும். திறந்தது, எல்லா மெயிலும் இருந்தன. அதற்கு முந்தைய நாள்தான் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் டிக்கை எடுத்தேன், தீர்ந்தது. காலையில் ஷிஃப்டை அழுத்தியிருந்தால் ஒரு நிமிட வேலை.

மற்ற மூன்றும் சிறியவை. "தண்டர்பேர்டு ஏற்கெனவே இயங்குகிறது, ஆனால் பதில் தரவில்லை" என்ற செய்தி அடிக்கடி வரக்கூடியது. ஜன்னல் மூடினாலும் உள்ளே புரோசஸ் ஓடிக்கொண்டிருக்கும், டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுத்தால் போதும். ப்ரொஃபைலில் பேரண்ட் டாட் லாக் என்ற கோப்பை அழி என்பார்கள். விண்டோஸ் அதை அழிக்க விடவில்லையென்றால் பழைய புரோசஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அந்த வகையில் அது நல்ல துப்பு. அழித்த மெயில்களின் இடத்தை மீட்கும் ஃபோல்டர் கம்பாக்ட் நடக்கும்போது மட்டும் அவசரப்பட்டு எண்ட் டாஸ்க் கொடுக்காதீர்கள்.

இன்னொரு முறை ப்ரொஃபைலைக் காணவில்லை என்றது. இடப் பற்றாக்குறையால் அதை ஈ டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தேன். புது ஹார்ட் டிஸ்க் மாட்டியதும் ஈ, எஃப் ஆகிவிட்டது. ப்ரொஃபைல்ஸ் டாட் ஐஎன்ஐ கோப்பை நோட்பேடில் திறந்து பாதையைத் திருத்தலாம். ஆனால் பழைய பாதை வேறு கோப்புகளிலும் எழுதப்பட்டிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் டிரைவுக்குப் பழைய எழுத்தையே திருப்பிக் கொடுப்பதுதான் சுத்தம்.

நான்காவதைச் சொல்லவே வெட்கம். அது திறந்துதான் இருந்தது, கழற்றிவிட்ட இரண்டாவது மானிட்டரில்! ஜன்னலின் இடத்தை ஸூல்ஸ்டோர் டாட் ஜேசன் என்ற கோப்பு நினைவு வைத்திருக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றினேன், ஜன்னல் வீடு திரும்பியது.

இன்னும் ஏன் இதையே வைத்திருக்கிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 2012-இல், இதை உருவாக்கிய மொசில்லா, இதில் புது வசதிகள் சேர்ப்பதைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது நானும் மாறிவிட நினைத்தேன். பிறகு பயனர்களின் நன்கொடையில் பிழைத்துக்கொண்டது. 2023-இல் 115-ஆம் பதிப்பில் தோற்றமே மாறியது, எனக்குப் பழகச் சில வாரங்கள் பிடித்தன. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ஆனால் நான் ஒட்டிக்கொண்டிருக்கும் காரணம் வேறு. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு மெயில் போல்டரும் ஒரே நீளமான உரைக்கோப்பு, தண்டர்பேர்டே இல்லாவிட்டாலும் படிக்கலாம். பக்கத்தில் இருக்கும் எம்எஸ்எஃப் கோப்பு வெறும் அட்டவணை. போல்டர் காலியாகத் தெரிந்தால் நிரலை மூடிவிட்டு அதை மட்டும் அழித்தால், மறுமுறை தானே எழுதிக்கொள்ளும். ஒரே கோப்பாக இருப்பதில் ஆபத்தும் உண்டு. ஒரு மெயிலில் வைரஸ் என்று ஆன்ட்டிவைரஸ் முழு இன்பாக்ஸையும் தூக்கிச் சிறையில் போட்டுவிடலாம். ப்ரொஃபைல் போல்டருக்கு அதில் விலக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

பேக்கப் வேலை ஞாயிறு காலையில். தண்டர்பேர்டை மூடிவிட்டு முழு ப்ரொஃபைல் போல்டரையும் வெளி டிஸ்க்கில் நகலெடுக்கிறேன். புதுக் கணக்குகள் எல்லாம் இமேப்தான், அதாவது மெயில் சர்வரிலேயே இருக்கும். பழைய பாப் மெயில்களையும் ஒவ்வொரு வருடமாக இமேப் போல்டர்களுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2013 வரை வந்திருக்கிறேன்.