ஆர்சி 390க்கு ஒரு ரியர்செட்: நான்கு ட்ராக் டேக்களுக்குப் பிறகு

என்னுடைய பழைய தலைமுறை கேடிஎம் ஆர்சி 390 வண்டியின் வலப்பக்க ஃபுட்ரெஸ்ட், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் நான் கலந்துகொண்ட மூன்றாவது ட்ராக் டேயில் (சொந்த வண்டியைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்), வளைவுகளில் சாயும்போது தரையை உரசத் தொடங்கியது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஓடுதளத்தைக் கடிகாரத் திசையில் சுற்றுவதால் வலப்பக்கமே முதலில் தேய்கிறது. இதற்காகக் கோவைப் பட்டறை ஒன்று அலுமினியத்தில் கடைந்து விற்கும் ரியர்செட்டை (ஃபுட்ரெஸ்டையும் பிரேக், கியர் லீவர்களையும் மேலே, பின்னே தள்ளி வைக்கும் தொகுப்பு) 14,500 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினேன்.

பொருளைப் பற்றிச் சொல்லும் முன், அதை வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 45 டிகிரி சாய்வில் வளைவைக் கடக்கும்போது சஸ்பென்ஷன் தாங்கும் சுமை, நேராக ஓடும்போது தாங்குவதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்காகிறது, அதனால் தரை இடைவெளி மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்தான் வண்டி தாழ்ந்து அமர்கிறது. முழுக் கவச உடையுடன் நான் ஏறி அமர்ந்தபோது பின்பக்கம் 42 மில்லிமீட்டர் இறங்கியதை அளந்து, கொக்கி ஸ்பேனரால் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) கூட்டி அதை 30 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். ஃபுட்ரெஸ்டின் அடியில் எச்சரிக்கைக்காகத் தொங்கும் போல்ட்டையும் கழற்றினேன். பணம் செலவில்லாத இந்த இரண்டு மாற்றங்களிலேயே உரசல் பாதியாகக் குறைந்தது. வண்டி சட்டென்று திரும்ப வேண்டும் என்று முன் ஃபோர்க் குழாய்களைக் கிளாம்பில் மேலே ஏற்றி வைப்பவர்கள், முன்பக்கம் தாழ்வதால் இதே இடைவெளியை இழக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மீதிப் பாதிக்கு ரியர்செட் உதவியது. இதிலுள்ள துளைகளில் மேலே 20, பின்னே 15 மில்லிமீட்டர் நகர்த்திய நிலையைத் தேர்ந்தெடுத்தேன். ஃபுட்ரெஸ்டின் நுனி டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பக்கவாட்டில் 28 சென்டிமீட்டரும், உயரத்தில் 30 சென்டிமீட்டரும் இருப்பதாகக் கொண்டால், 2 சென்டிமீட்டர் உயர்த்துவது ஏறத்தாழ 2 டிகிரி கூடுதல் சாய்வைத் தரும். அந்த 2 டிகிரியைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, சொரசொரப்பாகக் கடையப்பட்ட மேற்பரப்பில் காலணிக்குக் கிடைக்கும் பிடிதான். வெளிப்பக்கக் காலை உறுதியாக ஊன்றி உடலை வளைவின் உட்பக்கம் நன்றாக இறக்க முடிவதால், அதே வேகத்துக்கு வண்டியைக் குறைவாகச் சாய்த்தாலே போதுமாகிறது.

இதில் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஆபத்தும் உண்டு. கம்பெனி ஃபுட்ரெஸ்ட் தரையில் பட்டால் மடங்கிக்கொள்ளும், இது மடங்காது. மடங்காத உலோகம் அழுத்தமாகத் தரையில் ஊன்றினால் பின் டயரின் மேலுள்ள எடையைத் தான் வாங்கிக்கொண்டு டயரைத் தரையிலிருந்து கிளப்பிவிடும். ஆகவே சஸ்பென்ஷனைச் சரிசெய்யாமல் இதை மட்டும் மாட்டிக்கொண்டு இறங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

கடைசல் வேலை நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் முதல் நாளின் இரண்டாம் ஓட்டத்திலேயே கியர் இணைப்புத் தண்டின் பூட்டு நட்டு தளர்ந்தது. போல்ட் தளராமல் பிடிக்கும் பசையைத் தடவி இறுக்கிய பிறகு அசையவில்லை. பின் பிரேக் விளக்கின் சுவிட்சுக்கு இடமே விடப்படவில்லை என்பதால், இதே வண்டியைச் சாலையிலும் ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தாது. என்னைப் போல 180 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்களுக்கு முழங்கால் இருபது நிமிட ஓட்டத்துக்குள் இறுகிவிடும். கியர் தண்டைத் தலைகீழாக மாட்டி, மேல் கியருக்குக் கீழே மிதிக்கும் முறைக்கு மாற்றும் வசதியைத் தந்திருப்பது நல்ல யோசனை; இடப்பக்கம் சாய்ந்தபடியே வளைவை விட்டு வெளியேறும்போது காலை லீவருக்கு அடியில் நுழைக்க வேண்டியதில்லை.

தரையில் படும் பெக் (கால் வைக்கும் தண்டு) மட்டும் தனியாக 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வலப்பக்கத்துக்கு ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.